வண்டிக்கு வயசா, புகையா?

தில்லியில நம்ம ஆட்கள் ரெண்டு பேர் சந்திச்சா, சௌக்கியம் விசாரிச்ச கையோட வர்ற அடுத்த கேள்வி, "உங்க வண்டி எந்த வருஷம்?" டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருஷம்னு பசுமைத் தீர்ப்பாயம் 2014-15ல் போட்ட கெடுவை, 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சது. 2025 ஜூலை 1 முதல் வயசான வண்டிக்கு பங்க்குல எண்ணெயே கிடையாதுன்னாங்க. கிளம்பின எதிர்ப்புல சில நாள்லயே அதைத் தள்ளி வெச்சாங்க. ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் காட்டி நடவடிக்கை கூடாதுன்னுச்சு. டிசம்பர்ல அந்தச் சலுகை பிஎஸ்-4க்கும் அதுக்கு மேலயும் மட்டும்னு சுருக்கிடுச்சு.

என்னைக் கேட்டா, டிசம்பர் உத்தரவுதான் நியாயத்துக்குக் கிட்ட வருது. ஆர்சி புக்குல இருக்கற வருஷம் புகை விடறதில்லைங்க, இஞ்சின்தான் விடுது. தில்லிக்கு பிஎஸ்-4 வந்தது 2010 ஏப்ரல்ல. அந்த வருஷக் கடைசியில வாங்கின என் பெட்ரோல் கார், ஞாயித்துக்கிழமை மலை மந்திர், கரோல் பாக்னு போய் 50,000 கிலோமீட்டர் கூடத் தாண்டலை. அஞ்சே வருஷத்துல 3 லட்சம் ஓடின டாக்சி, இந்தக் கணக்குல இளவட்டம்!

அதுக்காக "என் காரை விட்டுடுங்க"ன்னு கேட்கலை. நவம்பர்ல குழந்தைங்க இருமற சத்தம் கேட்டவங்க யாரும் அப்படிக் கேட்க மாட்டாங்க. கோளாறு சோதனையில இருக்கு. பியூசி சென்டர்ல பெட்ரோல் வண்டியை நிறுத்தி வெச்சு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கறாங்க, டீசலுக்குப் புகையடர்த்தி. நுரையீரலுக்குள்ள போற பிஎம் 2.5ஐயும் நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்கறதே இல்லை. சோதனையை நம்ப முடியலைன்னா, வயசுங்கறது சுலபமான அளவுகோல்தானே?

என்ஓசி வாங்கி ஊருக்குக் கொண்டு போயிடலாமேன்னு யோசனை சொல்றாங்க. அங்கே திரும்பப் பதிவு, ரோடு டாக்ஸ்னு செலவு ஒரு பக்கம். புகை எங்கே போச்சு? நம்ம வாசல் குப்பையை அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ற கதைதான். மதுரையில இருக்கறதும் நுரையீரல்தானே!

உருப்படியான சோதனை ஒண்ணு வைங்க. அதுல தோத்தா, வண்டியை நானே ஸ்கிராப்புக்கு ஓட்டிட்டுப் போறேன். மூணு வருஷ வண்டி தோத்தாலும் அதே சட்டம்தான். பென்ஷன்ல காலம் தள்ற பெரியவர் பொத்திப் பொத்தி வெச்சிருக்கற வண்டி தேறினா, அவரை நிம்மதியா ஓட்ட விடுங்க. என்ன சொல்றீங்க?