நைனா என்று யார் யாரைக் கூப்பிட முடிந்தது?

கோவில்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது இடைசெவல். அந்த ஊர்க்காரரான கி.ராஜநாராயணனை வாசகர்கள் 'நைனா' என்றார்கள். 2021 மே 17 அன்று புதுச்சேரியில் அவர் காலமானபோது, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகளும் சொந்த வீட்டுப் பெரியவர் போய்விட்டதுபோல அந்தச் சொல்லால் அழுதார்கள். அதில் பொய்யில்லை. நானும் அவரை அப்படித்தான் சொல்கிறேன். ஆனாலும் இந்தச் செல்லச் சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நைனா என்றால் அப்பா. தெலுங்கு 'நாயன' தமிழ் வாயில் இப்படி ஆனது. கரிசலில் குடியேறிய தெலுங்கு பேசும் நாயக்கர் வீடுகளில் புழங்கிய சொல். தெலுங்கில் அப்பாவே மகனைக் கொஞ்சலாக 'நாயனா' என்பதும் உண்டு, நாம் பையனைப் பார்த்து 'என்னப்பா' என்பதுபோல. தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் 'நயினார்' என்ற சொல்லுக்குத் தலைவர், எசமானர் என்று பொருள். தகப்பனும் எசமானனும் இவ்வளவு நெருக்கமாக நிற்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

சென்னைக்குப் போனதும் சொல் வேறு ஆளாகிவிட்டது. 'இன்னா நைனா' என்பதில் வயதும் இல்லை, சாதியும் இல்லை. உழைக்கிற சனம் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொள்ளும் சொல் அது.

கரிசலில் அது நடக்கவில்லை. இங்கே அருந்ததியர் பலருக்கும் வீட்டுமொழி தெலுங்குதான். பேச்சு ஒன்று, தெரு வேறு. அந்தத் தெருப் பிள்ளை நாயக்கர் வீட்டுப் பெரியவரை நைனா என்று கூப்பிட்டுவிட முடியுமா? 'சாமி', இல்லாவிட்டால் 'மொதலாளி'. என் அப்பத்தா பருத்தி எடுக்கப் போன புஞ்சையில், ஆரம்பப் பள்ளிக்கூடம் போகிற வயசுப் பையன் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். 'ஏளா, இங்க வா' என்பான். 'வாரேன் சின்ன மொதலாளி' என்று இவள் போவாள். அவன் குரலில் கோபம்கூட இருக்காது. மழை பெய்கிற மாதிரி, வெயில் அடிக்கிற மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும்.

சாதிப்பெயர் சொல்லிப் பொதுவிடத்தில் இழிவுபடுத்தினால் வழக்குப் போட 1989ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எழுபது வயசுக் கிழவியைப் பத்து வயசுப் பையன் 'ஏளா' என்பதற்கு எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?

1929 செங்கல்பட்டு மாநாட்டில் சுயமரியாதை இயக்கம் சாதிப்பட்டங்களை உதறச் சொன்னது. ஐரோப்பியப் பயணம் முடித்து 1932இல் திரும்பிய பெரியார், எல்லோரையும் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார். பேருக்குப் பின்னால் இருந்த வால் ஓரளவு போனது. கூப்பிடுகிற வாய் மாறவில்லை.

கி.ரா.வின் முழுப்பெயர் ஒரு முழத்துக்கு நீளும். 'நாயக்கர்' என்று முடியும். அதை வெட்டிவிட்டுத்தான் எழுத வந்தார். கம்யூனிஸ்டாக இருந்தவர், விவசாயிகள் போராட்டத்துக்காகச் சிறை போனவர். 'கிடை'யில் ஆதிக்கசாதி எல்லப்பனும் தலித் பெண் செவனியும் நேசிக்கிறார்கள். அவனுக்குக் கல்யாணம் நடக்கிறது, அவளுக்குப் பேயோட்டுகிறார்கள். தன் சமூகத்தின் கணக்கு அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் என் சண்டை அவரோடு இல்லை, நம்மோடுதான். எழுத்தாளரை நைனா என்று உருகுகிற நாம், நம் தெருவில் சாக்கடை அள்ள வருகிற பெரியவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? 'ஏம்ப்பா', 'இந்தாப்பா'. அவர் பேர் தெரியுமா? அண்ணாச்சி என்ற சொல் கடைக்காரர் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறதே, ஏன்?

வட்டாரச் சொற்களுக்கென்று ஓர் அகராதி தொகுக்க முன்கை எடுத்தவரும் கி.ரா.தான். அந்த வேலை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு விளிச்சொல்லுக்கும் பொருளோடு இன்னொரு பத்தியும் சேர்க்க வேண்டும்: இதை யார் யாரிடம் சொல்லலாம், யார் சொன்னால் அடி விழும் என்று. பருத்திக் காட்டில் கூலிக்குப் போன பாட்டிகள் கரிசல் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது, ஒலிப்பதிவு செய்யக் காசு ஆகாது. போய், 'ஒங்கள அவுக எப்படிக் கூப்பிட்டாக? நீங்க எப்படிக் கூப்பிட ஆசைப்பட்டீக?' என்று கேளுங்கள்.