வேனில் ஏறிய 18 கிலோமீட்டர்



போன காலாண்டு விடுமுறையில் நம் பழைய மாணவர்கள் நடத்திய சைக்கிள் பயணத்தில் நானும் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். பிரேயரில் பெயர் வாசித்தபோது கை தட்டினீர்கள். திருமங்கலத்திலிருந்து கன்னியாகுமரி வரை மூன்று நாள், சுமார் 220 கி.மீ. வசூலாகும் பணம் கால் இழந்த பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் வாங்க. எனக்கு மேடையில் கொடுத்த சான்றிதழில் “220 கி.மீ. ஓட்டி முடித்தார்” என்று போட்டிருக்கிறது. அது தப்பு. நான் ஓட்டியது 202 தான். மீதி 18 கி.மீ. வேனில் உட்கார்ந்து போனேன்.

“சும்மா இருந்தா யாருக்குடி தெரியும்?” என்று என் தோழி கேட்டாள். ஆனால் இதில் காசுக் கணக்கு இருக்கிறதே! ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லித்தான் எல்லோரும் என் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். டீக்கடை தாத்தா ஒரு ரூபாய். பள்ளி வாசலில் பூ விற்கும் அத்தை ஐம்பது காசு. மாமா ஐந்து ரூபாய். இப்படி எல்லாம் சேர்ந்து கிலோமீட்டருக்கு 31 ரூபாய். 220 கிலோமீட்டருக்கு 6,820 ரூபாய் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதில் 558 ரூபாய் நான் ஓட்டாத தூரத்துக்கு வாங்கியது.

நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது அரசு கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது. வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கி.மீ., அதுதான் என் அனுபவம். புறப்படுவதற்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். அது போதும்னு நினைச்சேன். மொத்தம் 14 பேர், அதில் மாணவர்கள் ஐந்து பேர். பி.டி. சார் கடைசியில் வந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீரும் பஞ்சர் சாமானும் ஏற்றிய வேன்.

முதல் நாள் விருதுநகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி, கிட்டத்தட்ட 80 கி.மீ. காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். சாத்தூர் வருவதற்குள் யாரும் பேசவில்லை. கோவில்பட்டி போய்ச் சேர்ந்தபோது என்னால் படி ஏற முடியவில்லை. அங்கே செயினுக்கு எண்ணெய் விட்ட சைக்கிள் கடை அண்ணாச்சிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். “ஏம்மா, சீட்டு இம்புட்டு கீழ இருந்தா முட்டி என்னத்துக்கு ஆகும்?” என்றார். குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டுமாம். நானோ இரண்டு காலும் தரையில் ஊன்றணும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சீட்டை இறக்கித்தான் ஓட்டுவேன், அக்காவின் பழைய சைக்கிளிலும் அப்படித்தான். முட்டி மடங்கியே 80 கி.மீ. மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? அவர் சீட்டை ஏற்றி முடுக்கிவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் முட்டி ஏற்கெனவே வீங்கிவிட்டது.

இரண்டாம் நாள் திருநெல்வேலி வரை 55 கி.மீ. தான். 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறில் நின்று போட்டோ எடுத்தோம். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது அந்தப் போட்டோவில் தெரியும்.

மூன்றாம் நாள்தான் காற்று. நாங்குநேரி தாண்டினால் வலது கைப் பக்கம் மலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து அடிக்கிற பகுதி அது. காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டிருப்பது அதற்காகத்தான். பூகோளப் பாடத்தில் இதை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்! சைக்கிளில் போகும்போதுதான் புரிந்தது. காற்று வலப்பக்கமிருந்து தள்ளுகிறது, நாம் வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறோம். அப்போது ஒரு லாரி நம்மைத் தாண்டுகிறது. லாரி காற்றை மறைத்ததும் வண்டி லாரிப் பக்கமே இழுத்துக்கொண்டு போகிறது. அது போனதும் காற்று மறுபடி அறைந்து மண்ணில் தள்ளுகிறது. வள்ளியூர் தாண்டி இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டாவது முறை நான் விழுந்தேன். பி.டி. சார் ஒன்றும் பேசாமல் வேன் கதவைத் திறந்தார்.

நான் ஏறமாட்டேன் என்று அழுதேன். பயமோ வலியோ காரணமில்லை. தாத்தாவிடமும் அத்தையிடமும் ஓட்டுகிறேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேனே, அதுதான். அவ்வளவு காற்றில், வீங்கின முட்டியோடு, லாரிக்குப் பக்கத்தில் திரும்பவும் ஏறி மிதிக்கத் தயாராக இருந்தேன், கிலோமீட்டருக்கு 31 ரூபாய்க்காக!

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். பழக்கமில்லாத பிள்ளையை ஒன்று பொய் சொல்ல வைக்கும், இல்லையென்றால் ஆபத்தில் தள்ளும். நான் பொய் சொன்னேன்.

“பிள்ளைங்க கஷ்டப்பட்டு ஓட்டுனாத்தான் ஜனம் காசு போடும்” என்று ஒரு அண்ணன் சொன்னார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சும்மா போய் உண்டியல் குலுக்கியிருந்தால் டீக்கடை தாத்தா 220 ரூபாய் தந்திருக்க மாட்டார். ஆனால் பயணத்துக்காகத் தருவது வேறு, கிலோமீட்டருக்கு விலை போடுவது வேறு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ‘எய்ட்ஸ் லைஃப்சைக்கிள்’ என்று 2002 முதல் 2025 வரை ஒரு பயணம் நடந்தது. ஏழு நாள், 545 மைல். அதிலும் என்னைப் போலப் புதுசாக ஓட்டியவர்கள் நிறையப் பேர். குறைந்தது 3,000 டாலராவது திரட்டினால்தான் ஓட்டவே விடுவார்கள். ஆனால் வழியில் முடியாதவர்களை வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். அதற்காக யார் காசும் குறையாது.

நாமும் அடுத்த முறை மொத்தமாக ஒரு தொகை கேட்கலாம். புதியவர்களைச் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் திரும்பவும் போவேன். ஆனால் மூன்று மாதம் முன்னாலேயே பெயர் வாங்கி, வாரா வாரம் தூரத்தைக் கூட்டி ஓட்ட வைக்க வேண்டும். எல்லா சைக்கிளிலும் சீட்டு உயரம் பார்க்க வேண்டும். காற்று அடிக்கிற மாதத்தில் அந்த ரோடே வேண்டாம்.

வளருகிற பிள்ளைக்கு ஒரு செயற்கைக் கால் வாங்கினால் முடிந்துபோவதில்லை. உடம்பு வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூடத் திரும்பக் கேட்கக் கூடாது. அந்த 558 ரூபாயை என் உண்டியலிலிருந்து எடுத்துப் பி.டி. சாரிடம் வைத்திருக்கிறேன், நோட்டும் அங்கேதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழையும் திருத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இதுவரை வந்தவர்களில் மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீக்கடை தாத்தா திட்டினார், பணம் வாங்கவில்லை. பூக்கார அத்தை மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “ஒம்பது ரூவா வருது, குடு” என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

– பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி