முதலில் கூரை, பிறகு விசிறி

குளிர் நாடுகளில் விளையாட்டரங்கைச் சூடாக்கப் பணம் செலவிடுகிறார்கள். அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கோ அரங்கின் சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு. தேவை நேர் எதிரானது. ஆயினும் இயந்திரம் பழசானதும் இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றுதான். பழையதைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதொன்றை மாட்டிவிடுகிறோம். கட்டடத்துக்கு என்ன தேவை என்று பார்ப்பதில்லை.

நான் இறகுப்பந்து பழகிய உள்ளரங்கு ஒன்றுக்குத் தகரக் கூரை. சுவரின் உச்சியில் பழைய எக்ஸாஸ்ட் விசிறிகள். அவற்றுள் பாதி ஓடுவதில்லை. ஓடுபவை ஓசை மட்டுமே தரும். பங்குனி பிறந்துவிட்டால் பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. "ஏ.சி. போட்டால் தீர்ந்தது" என்பார் சிலர். "காலையிலும் மாலையிலும் ஆடினால் போதாதா?" என்பார் வேறு சிலர்.

உள்ளூர்க்காரருக்குப் போதும். செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் வரும் மாணவிக்கு? முதல் சுழற்சி வகுப்பு முடிந்து, ஊருக்குப் பேருந்து ஏறும் வரையுள்ள நண்பகல்தான் அவளுக்கு வாய்க்கும் ஆட்ட நேரம். அந்த நேரத்தில்தான் அரங்கு அடுப்பாகிறது. ஆகவே இது வெறும் வசதிப் பிரச்சினையன்று. யார் ஆடலாம், யார் ஆட முடியாது என்பதைத் தீர்மானிக்கும் பிரச்சினை.

சூடு எங்கிருந்து வருகிறது? உச்சி வெயிலில் காய்ந்த தகரம், தணல்போல் தன் வெப்பத்தைக் கீழே நிற்பவர் தலைமேல் வீசுகிறது. விசிறி காற்றைத்தான் மாற்றும். தகரத்தின் அனலை மாற்றாது. குளிர்சாதனமோ அந்த அனலோடு நாளெல்லாம் மல்லுக்கு நிற்க வேண்டும். உயரமான அரங்கில் அது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் வேலை. மின் கட்டணம் யார் கட்டுவது? மேலும் இறகுப்பந்தின் எடை ஏறக்குறைய ஐந்தே கிராம். காற்று சற்றே வேகமாக வீசினாலும் பந்து திசை மாறிவிடும்.

விடை நம் ஊரிலேயே இருக்கிறது. கோடையில் அண்ணாமலையார் கோயில் வெளிப்பிராகாரத்துக் கருங்கல் காலைச் சுடும். ஆயிரங்கால் மண்டபத்துக்குள் கால் வைத்தால் குளிரும். கல் அதே கல்தான். தடித்த கற்கூரை வெயிலைத் தான் தாங்கிக்கொண்டு நிழலை மட்டும் நமக்குத் தருகிறது. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் கோடை வந்ததும் அடியார் நடக்கும் பாதைக்கு வெண்பூச்சு அடிக்கிறார்களே, அதன் பொருள் என்ன? வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதுதான்.

இதே எளிய உண்மையை அரசுகளும் ஏற்கத் தொடங்கிவிட்டன. வெப்ப அலைக்கென 2013இல் அகமதாபாத் நகரம் செயல்திட்டம் வகுத்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையையே வெளியிட்டது. நம் தமிழக அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அறிவித்த பின், மாணவர் கூடும் கூரையைக் கவனியாமல் விடலாமா?

எனவே நான் சொல்லும் வரிசை இது. முதலில் கூரைக்கு மேலே வெண்பூச்சு. தூசு படிந்தால் பயன் குறையும், ஆகவே அவ்வப்போது கழுவ வேண்டும். அடுத்துத் தகரத்துக்குக் கீழே வெப்பம் தடுக்கும் உட்கூரை. மூன்றாவதாக, குளிர்ந்த காற்று மெல்ல நுழையத் தரையருகே திறப்புகள், சூடான காற்று வெளியேற உச்சியில் திறப்புகள். இவ்வளவும் முடிந்த பிறகே புதிய விசிறிகள். அப்போது சிறிய விசிறிகளே போதுமானவையாக இருக்கும். இது ஒரே நாளில் திறப்பு விழா நடத்தத் தக்க வேலையன்று என்பது உண்மைதான். பெயர்ப் பலகை மாட்ட வெண்பூச்சில் இடமில்லை!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. இயற்பியல் துறை நண்பர்களே, ஒரு வெப்பமானியுடன் ஒரு வாரம் அரங்கில் அமருங்கள். மணிக்கொரு முறை சூட்டைக் குறியுங்கள். கூரை வேலை முடிந்தபின் மீண்டும் குறியுங்கள். அந்த இரண்டு தாள்களையும் கொண்டு சென்றால் எந்த அதிகாரியும் நம் பேச்சைக் கேட்பார்.

பேருந்து வரும் வரை அந்தக் கிராமத்து மாணவியும் ஆடட்டும். அரங்கு யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களுக்கு அது நண்பகலிலும் திறந்திருக்க வேண்டும்.