கழித்தோணியும் காத்திருப்பும்

“கொல்லத்துக்கு ரயில் இருக்கும்போது செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆலப்புழைக்கு இன்னொரு பஸ், பிறகு படகு. விடுமுறையை இப்படியா கழிப்பது?” என்று சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2018-இல் அகலப்பாதை முழுமையடைந்தபின் அந்த மலைவழி எளிதாகிவிட்டது. ஆனால் மெதுவான பயணமே மேலான பயணம் என்று வகுப்பிலும் வெளியிலும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருபவன் நான். அந்த எண்ணத்தில் பாதி தவறு என்று இப்போது தோன்றுகிறது.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரியங்காவுக் கணவாயில் பஸ் ஏறும்போது ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்குவதைப் பலகை சொல்கிறது, பேச்சு சொல்வதில்லை. 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது. தேநீர்க் கடைக்காரரின் தமிழில் சிறிது மலையாளம் கலக்கிறது. தென்மலையில் இரண்டும் சமமாகின்றன. புனலூரில் மலையாளத்துக்குள் கொஞ்சம் தமிழ் மிஞ்சுகிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏறி இறங்கும் வண்டியில் அமர்ந்தால்தான் இது காதில் விழும்.

தகழியின் ‘தோட்டியின் மக’னைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்த நம்மில் பலருக்கு ஆலப்புழை நேரில் பார்க்காமலே தெரிந்த ஊர். அங்கே, கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் கோட்டயம் படகில் ஏறினேன். 1968-இல் தொடங்கப்பட்ட துறை அது. முன்னால் நின்று ஸ்ராங்கு சக்கரத்தைப் பிடிக்கிறார். அவர் கயிற்றை இழுத்து மணியடிக்க, இயந்திரத்தருகே இருக்கும் டிரைவர் அந்தக் கணக்கைக் கேட்டு வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். துறை வந்ததும் லாஸ்கர் தாவி இறங்கிக் கயிற்றைக் கட்டுகிறார். வேம்பநாட்டுக் காயலைக் கடந்ததும் வரம்புக்கு அப்பால் நெல்வயல்கள். அவற்றைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். நீர் மேலே, நிலம் கீழே. கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டருக்கும் கீழே நெல் விளையும் இடங்கள் குட்டநாட்டில் உண்டு. நெய்தலுக்கு அடியில் கிடக்கும் இந்த மருதத்தை எந்தத் திணையில் வைப்பது என்று மாணவர்களைக் கேட்க வேண்டும்.

முசிறியில் கலங்கள் கொண்டுவந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்த்ததைப் பரணரின் புறநானூற்றுப் பாடல் (343) சொல்கிறது. அந்தக் கழித்தோணியில்தான் நானும் போகிறேன் என்ற பெருமிதத்தில் இருந்தேன். அப்போதுதான், சாலையே இல்லாத ஒரு துறையில் ஏறி என் எதிரே அமர்ந்த அம்மையாரிடம், “இப்படி மெதுவாகப் போவதே ஒரு சுகம்தான், சேச்சி” என்றேன். மடியில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறை. என் அரைகுறை மலையாளத்தைப் பொறுத்துக்கொண்டு அவர் சொன்னார்: “சாருக்குச் சுகம். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் எழுந்து போய்விடுவார்.”

கோட்டயத்தை நெருங்கும்போது நடைபாலம் ஒன்றைத் தூக்கும்வரை படகு காத்து நின்றது. அதுவரை அழகாகத் தெரிந்திருக்கக்கூடிய அந்தக் காத்திருப்பை என்னால் ரசிக்க முடியவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

மெதுவை நான் தேர்ந்தெடுத்தேன்; அவருக்கு அது வாய்த்தது. நம் பயணக் கட்டுரைகள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றன. அமைதி, பசுமை, காலம் உறைந்து நிற்கும் நீர்ப்பரப்பு என்று எழுதுகிறோம். அந்த நீரில் காலம் உறைந்து நின்றதே இல்லை. 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் சென்ற ‘ரெடீமர்’ படகு பல்லனையில் கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் இறந்தார். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு மூழ்கி 29 பேர் மாண்டனர். அரசுப் பணித் தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள் அதில் நிறைய இருந்தார்கள். 2018 ஆகஸ்டில் குட்டநாடு வெள்ளத்தில் மூழ்கியபோது மக்களை ஏற்றி வந்தவற்றில் இந்த அரசுப் படகுகளும் உண்டு. சுற்றுலாக்காரரின் வீட்டுப்படகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் மிதக்கும் விடுதி. இது சாலை, மருந்தும் அரிசியும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் பொதுச்சாலை.

ஆகவே மெதுவான பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேருந்திலும் படகிலும் போக வேண்டும். பொதுவண்டியில், அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து. ஆனால் அவர்களது தாமதத்தை நம் தியானமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. அந்தப் படகு நேரத்துக்கு வர வேண்டும், பழுதின்றி ஓட வேண்டும், கூடுதலாக ஓட வேண்டும் என்று கேட்பதும் பயணியின் கடமைதான். 2017-இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே விடப்பட்ட சூரிய ஒளிப் படகைப் பற்றி, “பழைய அழகு போயிற்று” என்று நண்பர் ஒருவர் வருந்தினார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. புகையும் இரைச்சலும் இல்லாமல் அக்கரை சேர்வது, தினமும் அக்கரை சேர வேண்டியவர்களுக்கு அழகுதானே?

கோட்டயத் துறையில் கயிறு கட்டுமுன்பே அந்த அம்மையார் இறங்கிவிட்டார். டாக்டரைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த முறை அந்தப் படகு அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால், நான் பார்க்கத் தவறும் வயல்களுக்காக வருந்தமாட்டேன்.