சிடுசிடுக்கிற பிள்ளையின் மனசுக்குள்ளே...



சென்ற இதழில் பரீட்சைக் காலத்துச் சிற்றுண்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார்.

"என் பையனுக்கு வயசு பதினொண்ணு. என்ன செஞ்சு வெச்சாலும் தட்டைத் தள்ளிட்டுப் போயிடறான். விளையாடப் போறதில்லை. எதுக்கெடுத்தாலும் சுள்ளுனு விழறான். போன வாரம், 'நான் செத்துப் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி'ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டான். ரெண்டு போடு போட்டா சரியாப் போயிடும்கிறார் அவங்க அப்பா. மாமியார் மந்திரிச்சுக் கயிறு கட்டச் சொல்றாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை."

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கயிறு கட்டுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, கட்டட்டும். ஆனால் அதோடு நிறுத்திக் கொள்ளக் கூடாது. அடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

சோகம் என்றால் அழுகை, மூலையில் முடங்கிக் கிடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். குழந்தைகளுக்கு வருகிற மனச்சோர்வு நோய் பல சமயம் சிடுசிடுப்பாகத்தான் வெளியே தெரியும். கூடவே வயிற்றுவலி, தலைவலி என்பார்கள். டாக்டர் அழுத்திப் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இராது. பிடித்த விளையாட்டு பிடிக்காமல் போகும். தூக்கம் கெடும். வளருகிற வயசில் எடை ஏறாது. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு வரும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பிள்ளைக் கோபம் என்று விடலாம். இரண்டு வாரமாகத் தினமும் இதே கதை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சாவைப் பற்றிப் பேசிவிட்டால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே காட்ட வேண்டியதுதான்.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர்கூட ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் என்ற டாக்டர் தம்பதி 1956-ல் ஆரம்பித்து, 133 குழந்தைகளைக் கைக்குழந்தையிலிருந்து பெரியவர்களாகும் வரை கவனித்து வந்தார்கள். சட்டென்று ஒத்துப் போகிறவை, எதற்கும் முரண்டு பிடிக்கிறவை, தயங்கித் தயங்கிப் பழகுகிறவை என்று குழந்தைகளின் சுபாவம் ஆரம்பத்திலேயே தெரிகிறது என்றார்கள். (நம் பாட்டிமார் தொட்டிலை எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், அது வேறு விஷயம்!) அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முரட்டு சுபாவம் என்பதே ஒரு கெடுதல் இல்லையாம். அந்த சுபாவத்துக்கும் வீட்டார் அதை நடத்துகிற விதத்துக்கும் பொருந்தாமல் போகும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறதாம்.

சுபாவம் கூடப் பிறந்தது. ஆனால் கொதிக்கிற மனசை ஆற்றிக் கொள்வது பழகி வருவது. டீச்சர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார் என்று வையுங்கள். ஒரு பெண் வீட்டுக்கு வந்ததும் ஓவென்று அழுவாள், அம்மாவிடம் கொட்டுவாள், பிறகு பாண்டி ஆடப் போய்விடுவாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லமாட்டாள். படுத்துக் கொண்டு அதையே அசைபோடுவாள். அல்லது தன் தலையிலேயே அடித்துக் கொள்வாள். மனச்சோர்வு வந்த குழந்தைகளில் இந்த இரண்டாவது ரகத்துக்குத்தான் தற்கொலை எண்ணம் வர அதிக வாய்ப்பு என்று டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். அடம் பிடிக்கிறவன்மேல் நம் கண் இருக்கிறது. சத்தமில்லாத பெண்ணை "தங்கமான பொண்ணு" என்று விட்டுவிடுகிறோமே!

பால் பொங்கி வரும்போது அதற்குப் புத்தியா சொல்கிறோம்? அடுப்பைத்தான் தணிக்கிறோம். அந்த நேரத்தில் உபதேசம், ஒப்பீடு, "எனக்கு உன் வயசில்..." எல்லாம் கூடாது. பக்கத்தில் உட்காருங்கள். "அவங்க அப்படிச் சொன்னது உனக்கு அவமானமாப் போச்சா?" என்று அவன் மனசில் இருப்பதற்கு ஒரு பெயர் கொடுங்கள். முகம் கழுவச் சொல்லுங்கள். கூடவே கடைத்தெரு வரை நடந்துவிட்டு வாருங்கள். நாலைந்து முறை நாம் கூட இருந்து செய்ததைப் பிறகு அவனே செய்யப் பழகுவான். இதற்கு அம்மாவின் மனசும் கொஞ்சம் ஆறியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காலை எட்டு மணிக்கு, டிபன் பாக்ஸ் கட்டும்போது யாருக்கு ஆறியிருக்கிறது?

இதெல்லாம் பழக்கத்துக்கு. வந்துவிட்ட நோய்க்கு வைத்தியம் வேண்டும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. "செத்துப் போகணும்னு தோணுதா கண்ணா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகாதோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. மரியா கோவாக்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் தயாரித்த 27 கேள்விகளைத்தான் பல நாடுகளில் ஏழு வயசுக் குழந்தை முதல் கேட்கிறார்கள். அதில் ஒன்று, தன் உயிரைப் போக்கிக் கொள்ள நினைப்பதுண்டா என்பது. "ஆமாம்" என்று பிள்ளை சொன்னால் அலறாதீர்கள், திட்டாதீர்கள். "சொன்னியே, நல்லதாப் போச்சு" என்று கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். அன்றிலிருந்து தனியே விடாதீர்கள். மாமனாரின் மாத்திரை டப்பா, வயலுக்கு அடிக்கிற மருந்து எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளின் இந்த எண்ணம் பல சமயம் திடீர் ஆவேசம்தான். அந்தச் சில நிமிஷம் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றிவிடும்.

மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார். அர்த்தராத்திரியில் கை உதறினால் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச டெலி மானஸ் சேவை அது, தமிழிலேயே பேசலாம். மருந்து எழுதிக் கொடுத்தால் முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போலீஸ், கேஸ் என்று பயந்து மறைக்கிறவர்களும் உண்டு. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன நெருக்கடியில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. "மன டாக்டரா? நம்ம வீட்டுப் பிள்ளைக்கா?" என்று மாமியார் கேட்டால் வாதாடிக் கொண்டு நிற்காதீர்கள். வயிற்றுவலிக்குக் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நாளைக் காலையிலேயே பிள்ளையுடன் கிளம்புங்கள். அவனுக்கு வயிறும்தான் வலிக்கிறதோ என்னவோ!