கஸ்டமர் சர்வீஸில் கேட்டால் வேலை கிடைக்குமா? மலாக்கா இளைஞர்கள் தட்டும் கதவுகள்

"ஹாய், உங்க கம்பெனியில வேலை காலி இருக்கா? எஸ்பிஎம் முடிச்சிருக்கேன். ஜாசின்ல இருக்கேன். எங்க அப்ளை பண்றது?"

வங்கி, தொலைபேசி நிறுவனம், இணையக் கடை, கார் நிறுவனம் என்று எந்தப் பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவாக இருந்தாலும் இப்படிப்பட்ட கேள்விகள் தினமும் வருகின்றன. பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பாருங்கள்" என்று ஓர் இணைப்பு வரும். அதற்கு மேல் கேட்டால் அதே வரி மறுபடியும் வரும். சில இடங்களில் பதில் எழுதுவது மனிதரே இல்லை, சாட்பாட்.

கேட்டவருக்கு இது அலட்சியமாகத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பது பிடிபடும்.

அந்தப் பக்கம் யார்?

முதல் விஷயம், அவர் அந்த நிறுவனத்தின் ஊழியராகவே இல்லாமல் இருக்கலாம். பல பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளர் சேவையை வேறொரு நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டிருக்கின்றன. மலேசியாவில் டெலிபெர்ஃபார்மன்ஸ், டிடிசிஎக்ஸ் போன்றவை இந்தத் தொழிலைச் செய்கின்றன. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு கட்டடத்தில் ஒரு மாடியில் ஒரு பிராண்டுக்கும், அடுத்த மாடியில் இன்னொரு பிராண்டுக்கும் பதில் சொல்வார்கள். நீங்கள் பார்க்கும் பெயர் ஒன்று, அவருடைய சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் வேறு.

இரண்டாவது, அவருடைய கணினித் திரையில் தெரிவது வாடிக்கையாளர் கணக்கு, பில், டெலிவரி, புகார் எண் ஆகியவைதான். வேலைக்கு வந்த விண்ணப்பங்கள் மனிதவளப் பிரிவின் தனி மென்பொருளில் இருக்கும். அதைத் திறக்க இவருக்கு அனுமதி கிடையாது. "என் அப்ளிகேஷன் என்ன ஆச்சு?" என்று கேட்டால் அவர் பொய் சொல்லித் தப்பிக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

மூன்றாவது, அவருக்கு நேரக் கணக்கு உண்டு. ஓர் அழைப்பு சராசரியாக எத்தனை நிமிடம் போகிறது என்பதை வைத்து அவருடைய வேலையை அளக்கிறார்கள். வேலை கேட்டு வருபவரிடம் பத்து நிமிடம் நின்று பேசினால் அவர் தலைமேல்தான் விழும். தயாராக எழுதி வைத்த பதிலை ஒட்டிவிட்டு அவர் அடுத்த ஆளுக்குப் போவது இதனால்தான்.

சரி, ஆனாலும் ஏன் கேட்கிறோம்?

இது வெறும் விவரம் தெரியாத பழக்கம் இல்லை. உள்ளே இருக்கிற ஓர் ஆளைப் பிடித்தால்தான் வேலை என்பது நம் சமூகத்துக்குப் பழைய அனுபவம். 1896-ல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன் பிறகு விரிந்த தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்தது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே ஊருக்கு அனுப்பி, தன் சாதிசனம், உறவு, பக்கத்து ஊர் என்று ஆட்களைக் கூட்டி வரச் செய்வார்கள். அவர் கொண்டுவந்த ஆட்களின் கணக்கில் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. வேலை, கடன், சிபாரிசு மூன்றும் அந்த ஒரே ஆள் கையில். 1938-ல் இந்திய அரசு இப்படி உதவி கொடுத்து ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஆனால் "யாரையாவது தெரியுமா?" என்ற கேள்வியை யாரும் தடை செய்யவில்லை.

தோட்டங்கள் செம்பனைக்கும் தாமானுக்கும் மாறி, பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியபோது கங்காணி இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். பேக்டரி பஸ் டிரைவர், லைனில் வேலை செய்யும் அக்கா, கேட்டில் நிற்கும் ஜாகா. சொல்லப்போனால், ஹாட்லைனை விட ஜாகா எவ்வளவோ மேல். எந்தக் கிழமை நேர்முகத் தேர்வு, பாரம் எங்கே வாங்குவது, இப்போது ஆள் எடுக்கிறார்களா நிறுத்திவிட்டார்களா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வாட்ஸ்அப் தலைமுறைக்கு அந்த ஜாகாவின் இடத்தில் நிற்பது சாட் பெட்டி. வித்தியாசம் என்னவென்றால், ஜாகா அதே கேட்டில் நிற்கிறார், சாட்டில் இருப்பவர் நிற்கவில்லை.

மலாக்காவில் பெரிய கம்பெனி என்றால்?

பத்து பெரண்டாம் தடையற்ற வர்த்தக மண்டலத்தில் இருக்கும் இன்ஃபினியன் ஆலை 1973-ல் சீமென்ஸ் ஆலையாகத் தொடங்கியது. சிப்களைப் பொதியாக்கிச் சோதிக்கும் வேலை அங்கே நடக்கிறது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2011-ல் நேஷனல் செமிகண்டக்டரை வாங்கியபோது அதன் மலாக்கா ஆலையும் கூடவே வந்தது. 2023-ல் அந்த நிறுவனம் கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் புதிய ஆலைகளுக்கு மொத்தம் 1,460 கோடி ரிங்கிட் வரை முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. அதில் மலாக்காவின் பங்கு 500 கோடி வரை. அலோர் காஜா, பெகோவில் ஹோண்டாவின் கார் ஆலை இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சிப் தயாரிக்கும் நிறுவனம் உங்களுக்கும் எனக்கும் எதையும் நேரடியாக விற்பதில்லை. அதன் வாடிக்கையாளர், கார் நிறுவனமோ மின்னணுச் சாதன நிறுவனமோதான். அதன் "கஸ்டமர் சப்போர்ட்" பக்கத்தில் கேள்வி போட்டால், அது வெளிநாட்டில் சிப்பின் தொழில்நுட்ப விவரத்துக்குப் பதில் சொல்லும் ஒருவருக்குப் போகலாம். மெர்லிமாவில் இருந்து ஆப்பரேட்டர் வேலை கேட்கும் கடிதத்தை அவர் என்ன செய்வார்? அதுபோலத்தான் கார் நிறுவன ஹாட்லைனும். அது கார் வைத்திருப்பவர்களுக்கானது.

தொழிற்சாலைகள் ஆள் எடுக்கும் வழி வேறு. ஆப்பரேட்டர், டெக்னீஷியன் வேலைக்குப் பெரும்பாலும் நேரடி நேர்முகத் தேர்வு நாள் அறிவிப்பார்கள். நேரில் போக வேண்டும், ஐசி, எஸ்பிஎம் சான்றிதழ், ரெஸ்யூம் கையில் வேண்டும். இன்ஜினியர், அலுவலக வேலைக்கு நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கம். பொதுவான இடம் என்றால் பெர்க்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளம். பதிவு இலவசம். வெளிநாட்டு நிபுணர்களை எடுக்க நினைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலான பதவிகளை முதலில் அங்கே விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி 2021-லிருந்து இருக்கிறது. அதனால் பெரிய நிறுவனங்களின் நல்ல பதவிகள் அங்கே வரும். நம் பசங்க பலர் அந்தப் பக்கமே போவதில்லை. பேஸ்புக்கில் 'கெர்ஜா கோசோங்' குழுக்களில்தான் காத்திருக்கிறார்கள்.

படிப்பு பாதியில் நிற்கிறவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. மெர்லிமாவ் பொலிடெக்னிக், அலோர் காஜாவில் இருக்கும் ஏட்டெக், டுரியான் துங்கலில் இருக்கும் யூடெம் போன்ற இடங்களில் படிப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சி கட்டாயம். பயிற்சிக்குப் போன இடத்தில் சூப்பர்வைசருக்கு முகம் தெரிந்துவிட்டால், சாட்டில் நூறு செய்தி அனுப்பியதைவிட அது பெரிது. 'உள்ளே ஓர் ஆள்' வேண்டும் என்ற பழைய ஆசைக்கு நேர்மையான வடிவம் இதுதான் என்று சொல்லலாம்.

அப்படியானால் கஸ்டமர் சர்வீஸை எதற்கு அழைப்பது?

ஒரு காரியத்துக்கு. வந்த வேலை உண்மையா என்று கேட்பதற்கு.

"உங்கள் நிறுவனத்தின் பெயரில் எனக்கு வாட்ஸ்அப்பில் வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. இந்த நம்பர் உங்களுடையதா? உங்கள் மனிதவளப் பிரிவு வாட்ஸ்அப்பில் ஆள் எடுக்குமா? உங்கள் அதிகாரப்பூர்வ வேலைவாய்ப்புப் பக்கம் எது?" இந்த மூன்று கேள்விக்கும் அவரால் பதில் சொல்ல முடியும், அல்லது தெரிந்தவரிடம் அனுப்ப முடியும். நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் மோசடி என்பதால் இதை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை கேட்டால் ஒட்டிய பதில் வரும், மோசடி என்று சொன்னால் புகார் எண் கிடைக்கும்.

ஆனால் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுங்கள். கூகளில் முதலில் வரும் விளம்பரத்திலிருந்தோ, வேலை தந்தவர் அனுப்பிய செய்தியிலிருந்தோ எடுக்கக் கூடாது. ஏனென்றால் கஸ்டமர் சப்போர்ட் என்ற பெயரிலேயே போலிக் கணக்குகள் திரிகின்றன. பேஸ்புக்கில் ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் "வேலை இருக்கா?" என்று நீங்கள் பொதுவில் கமெண்ட் போட்டால், அதே லோகோவோடு ஒரு கணக்கு உங்கள் இன்பாக்ஸுக்கு வரலாம். "நான் சப்போர்ட் டீம், எச்ஆர் நம்பர் தர்றேன்" என்பார். வேலை தேடுகிறேன் என்று நீங்களே கையைத் தூக்கிக் காட்டிவிட்டீர்கள், அவர்களுக்கு அது போதும்.

பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். யூனிஃபார்முக்கு 150 வெள்ளி, மெடிக்கலுக்கு 200 வெள்ளி என்று சின்னச் சின்னத் தொகையாகக் கேட்பார்கள். பணம் போகும் கணக்கு ஏதோ தனிநபர் பெயரில் இருக்கும். அந்த ஒன்றைப் பார்த்தாலே நின்றுவிடலாம். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் வந்த எண் என்றால் காட்டும். காட்டவில்லை என்றால் சுத்தமான எண் என்று பொருள் இல்லை, இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் பொருள்.

பணம் கேட்காமல் ஏடிஎம் கார்டு கேட்பது இன்னும் மோசம். "சம்பளம் போட அக்கவுண்ட் திறக்கணும், கார்டும் பின் நம்பரும் எங்ககிட்ட இருக்கட்டும்" என்பார்கள். கொடுத்தால் உங்கள் கணக்கு வழியாக வேறு யாரையோ ஏமாற்றிய பணம் போகும். இப்படிக் கணக்கைக் கொடுப்பவர்களைக் குறிவைத்து 2024-ல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. வேலை தேடிப் போனவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை இது. "எனக்குத் தெரியாது சார்" என்று அங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது சுலபமில்லை.

பணம் போய்விட்டால் உடனே 997. தேசிய மோசடி உதவி மையம் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்து அழைத்தால் வாய்ப்பு மிகக் குறைவு.

வேலையே 'கஸ்டமர் சர்வீஸ்' என்றால்?

இது தனிக் கதை. 2022-ல் கம்போடியா, மியன்மார் என்று கடத்தப்பட்ட மலேசிய இளைஞர்கள் பலருக்குக் காட்டப்பட்ட பதவிப் பெயர் இதுதான், கஸ்டமர் சர்வீஸ். அனுபவம் வேண்டாம், நல்ல சம்பளம், தங்குமிடம், விமான டிக்கெட் இலவசம். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்தார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் வந்தால், 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று மனிதவள இலாகாவில் கேட்கலாம். உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் இருக்கும் உண்மையான கால் சென்டர் வேலைகள் வேறு. அங்கே சப்போர்ட் ஊழியரிடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. பல கால் சென்டர்களில் ஆளை அறிமுகப்படுத்தும் ஊழியருக்கு ஊக்கத்தொகை உண்டு. அந்தத் தலைக்காசை நிறுவனம் கொடுக்கிறது, நீங்கள் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வாடிக்கையாளர் சாட்டில் கேட்காதீர்கள், அந்த உரையாடல் பதிவாகிறது, அவர் சிக்கிக்கொள்வார். தெரிந்தவர் மூலமோ லிங்க்ட்இன் மூலமோ கேளுங்கள். ஐசி நகலை எந்தச் சாட்டிலும் போடாதீர்கள்.

கேட்கும்போது சம்பளத்தை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் தொடங்கி, ஆகஸ்டிலிருந்து சிறிய முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. விளம்பரத்தில் வரும் பெரிய தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம், ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இபிஎஃப், சொக்சோ கட்டுவது யார்? ஆலை பெயரில் எடுக்கிறார்களா, குத்தகைக்காரர் பெயரிலா? யூனிஃபார்ம் ஒன்றாக இருந்தாலும் போனஸும் நிரந்தர வேலையும் அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் வரும். பஸ் உங்கள் தோட்டம் வரை வருகிறதா, மெயின் ரோட்டோடு நிற்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். தெபோங்கிலிருந்து விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகும் பெண்ணுக்கு அதுதான் முதல் கேள்வி.

மாண்டரின் விஷயம்தான் பாக்கி. "மாண்டரின் பேசத் தெரிந்தவர்" என்ற வரியைப் பார்த்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் பலர். சீனா, தைவான் வாடிக்கையாளரிடம் பேசும் வேலை என்றால் அது நியாயமான தேவை. ஸ்டோரில் பெட்டி அடுக்கும் வேலைக்கும் அதே வரி இருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில், பாகுபாடு பற்றிய தகராறை மனிதவள இலாகாத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்று 69எஃப் பிரிவு சொல்கிறது. ஆனால் அது முதலாளிக்கும் தொழிலாளருக்கும் இடையிலான தகராறைப் பற்றியது. வேலையே கிடைக்காதவர் இன்னும் தொழிலாளர் ஆகவில்லை. ஆகவே வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்தப் பிரிவு பெரிதாக உதவாது. இந்த ஓட்டையை அடைப்பது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது, கஸ்டமர் சர்வீஸின் கையில் இல்லை.