சட்டம் போட்டாச்சு, சங்கத்தைக் கலைக்கலாமா?

அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்தவர் யாரென்று கேட்டால் லிங்கன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஃபிரடெரிக் டக்ளஸ் என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, பேச்சாலும் பத்திரிகையாலும் போராடிய கறுப்பர் அவர். அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கூட்டம் போதும் என்பது என் கருத்து.

1865 மே. உள்நாட்டுப் போர் முடிந்த நேரம். அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் காங்கிரசில் நிறைவேறி, மாநிலங்களின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. நியூயார்க்கில் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் கூடியது. வேலை முடிந்தது, சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்றார் அதன் தலைவர் காரிசன். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த வெள்ளையர். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கலை. டக்ளஸ் எதிர்த்தார். கறுப்பருக்கு ஓட்டு இல்லாத வரை, கறுப்பருக்கொரு நீதி வெள்ளையருக்கொரு நீதி என்று தென் மாநிலங்கள் சட்டம் போட முடிகிற வரை, அடிமைமுறை சாகவில்லை என்றார். அது பெயரை மாற்றிக்கொள்ளும், பாம்பு சட்டையை உரித்துவிட்டு மறுபடி வரும் என்று எச்சரித்தார். காரிசன் தோற்றார், சங்கம் 1870 வரை நின்றது.

அந்த வருஷம் முடியறதுக்குள்ளேயே பாம்பு வந்துடுச்சு. வேலையில் இருப்பதற்கு எழுத்துச் சான்று இல்லாத கறுப்பர்மேல் மிசிசிப்பி 'வேலையற்றுத் திரிபவர்' என்று குற்றம் சாட்டியது. அபராதம் கட்டு; இல்லையா, உனக்காகக் கட்டுகிற முதலாளியிடம் உழைத்துக் கழி. 13ஆவது திருத்தத்திலேயே ஓட்டை இருந்தது: குற்றத்துக்குத் தண்டனை என்றால் கட்டாய உழைப்பு செல்லும். அந்த ஓட்டை வழியாகத்தான் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் குத்தகைக்கு விட்டார்கள். அலபாமாவில் இது 1928 வரை நடந்தது. திருத்தத்தின் அந்த வாசகம் இன்னும் அப்படியே இருக்கு. 2018இல் கொலராடோ தன் மாநில அரசியல் சட்டத்திலிருந்து அதை நீக்கியது. 2024இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நீக்க மறுத்தார்கள்.

டக்ளஸையும் கண்ணை மூடிக்கிட்டு வணங்க வேண்டியதில்லை. 1877இல் தெற்கின் கறுப்பரைக் கைவிட்ட ஹேய்ஸ் ஆட்சியிலேயே அவர் பதவி ஏற்றார். குடியரசுக் கட்சியை விட்டுக் கடைசி வரை வெளியேறவில்லை. ஆனாலும் 1865இல் அவர் கிளப்பிய கேள்வி சாகாதது: போராட்டம் முடிந்தது என்று அறிவிக்கும் உரிமை யாருக்கு? கூட நின்றவருக்கா, அடிபட்டவருக்கா?

1873இல் ஜோதிபா புலே தன் 'குலாம்கிரி' நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார், அடிமைமுறையை ஒழித்ததற்காக. அந்த நன்றியோடு டக்ளஸின் சந்தேகத்தையும் சேர்த்தே நாம் வைத்துக்கொள்ள வேண்டும். 1950இலேயே 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 'இன்னும் எதுக்குப்பா தனியா ஒரு சங்கம்?' என்று நல்லவர்களும் கேட்பார்கள். தோழர்களே, பதில் நம்மிடம்தான் இருக்கிறது. முடிந்ததா இல்லையா என்பதைச் சேரிதான் சொல்லணும்.